நின்று நின்று வரும் மூச்சு

கேள்வி: என் மகனுக்கு இன்றோடு ஒன்பது நாள். தலைப்பிள்ளை. தூங்கும்போது மூச்சு குடுகுடுவென்று ஓடுகிறது, திடீரென்று நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. நெஞ்சில் கை வைத்தால் படபடவென்று அடிக்கிறது. கை கால் ஜில்லென்று இருப்பதால், குளிர் தாக்கியிருக்கிறது என்று அத்தை மூன்று துணி சுற்றி வைத்திருக்கிறார். பால் நன்றாகக் குடிக்கிறான். நான்தான் இரவெல்லாம் அவன் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு விழித்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, யாங்கோன்

பதில்: அந்த விரலை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தூங்கு மகளே. பச்சை உடம்புக்காரி நீ. நீ எழுதியிருப்பதெல்லாம் சுகமாக இருக்கும் பிள்ளைகளிடமும் காண்பதுதான்.

பெரியவர்கள் நிமிடத்துக்குப் பதினைந்து இருபது மூச்சு விடுவோம். பிறந்த பிள்ளைக்கு 30 முதல் 60 வரை. அதுவும் சீராக வராது. நாலைந்து மூச்சு வேகமாக ஓடும், ஐந்து முதல் பத்து விநாடி ஓய்வெடுக்கும், பிறகு தானே தொடங்கும். அதனால் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காதே, கணக்குத் தப்பிவிடும். அவன் அயர்ந்து தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பார். பிள்ளைகள் வயிற்றால்தான் மூச்சு விடுவார்கள். வயிறு ஒருமுறை எழும்பித் தாழ்ந்தால் ஒன்று. கைபேசிக் கடிகாரத்தை வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணு. அறுபதோ அதற்கு மேலோ வந்தால் மறுபடி எண்ணு. அப்போதும் குறையவில்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

நெஞ்சு படபடப்பும் அப்படித்தான். விழித்திருக்கையில் நிமிடத்துக்கு 120 முதல் 160 வரை துடிக்கும், தூக்கத்தில் நூறுக்குக் கீழேகூட இறங்கும், வீறிட்டு அழுதால் இன்னும் ஏறும்.

இனி அந்த மூன்று துணி. கை கால் குளிர்ந்திருப்பது இந்த வயதில் சகஜம், லேசாக நீலம் பூத்தாலும் பயமில்லை. சூடு பார்க்க முதுகையோ வயிற்றையோ தொட வேண்டும். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ், பாரன்ஹீட்டில் 97.7 முதல் 99.5 வரை இருக்கலாம். இங்கே நம் பர்மியச் சகோதரிகள் பிரசவித்தவளுக்கு மஞ்சள் பூசி, நெருப்பருகே வைத்து வேர்க்க வைக்கும் வழக்கம் உண்டு. அந்தச் சூடு பிள்ளைக்கு ஆகாது. சித்திரை வெயிலில், மின்சாரமும் போய்விட்ட அறையில், மூன்று துணிக்குள் பிள்ளையின் உடம்பு கொதிக்கத்தான் செய்யும். ஒரு மெல்லிய பருத்தித் துணி போதும். அத்தையிடம் சண்டை வேண்டாம். அவர் கையைப் பிடித்துப் பிள்ளையின் முதுகில் வைத்துக் காட்டு.

மூச்சுக்கு மூச்சு முனகுவது, மூக்கு விடைப்பது, விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, மூச்சு இருபது விநாடி நிற்பது, உதடும் நாக்கும் நீலமாவது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது: இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலும் அப்படியே. வீட்டில் சொட்டு மருந்து கொடுத்துப் பார்க்கவே கூடாது. உடம்பு 36.5க்குக் கீழே போனால் வெற்று மார்போடு அணைத்துப் பால் கொடு. ஒரு மணி நேரத்தில் ஏறாவிட்டால் கிளம்பு. முகத்தில் தனக்கா என்னும் மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தால் நிறம் தெரியாது, வாயைத் திறந்து நாக்கைப் பார்.

இன்றிரவு ஒருமுறை எண்ணி, நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வை. அடுத்த முறை பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டப் போகும்போது அதையும் கொண்டு போ.