விடுமுறைக்கு வீடு மாற்றிக்கொள்ளலாமா? டிக்கெட் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: நான், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர் சொந்த அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். வீடு மாற்றிக்கொள்வதற்கான தளம் ஒன்றில் பதிவு செய்திருந்தோம். வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று எங்களுக்கு எழுதியிருக்கிறது. விடுமுறையில் மூன்று வாரம் அவர்கள் எங்கள் வீட்டில் தங்குவார்கள், நாங்கள் அவர்கள் வீட்டில் தங்கலாம், காரையும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு ஆசை. கணவருக்குத் தயக்கம். முன்பின் தெரியாதவர்களிடம் சாவியைக் கொடுத்து, எதையாவது எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்கிறார். எதையெல்லாம் சரிபார்த்துவிட்டு ஒப்புக்கொள்ள வேண்டும்?

பதில்: ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அவசரப்பட்டு இன்றே சம்மதம் எழுதிவிடாதீர்கள், டிக்கெட்டும் வாங்காதீர்கள். சில வேலைகள் பாக்கி இருக்கின்றன.

கணவரின் பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் யாருக்கும் முதலில் வருவது திருட்டுப் பயம்தான். யோசித்துப் பாருங்கள்: அவர்கள் உங்கள் வீட்டில் இருக்கும் அதே நாட்களில் நீங்கள் அவர்கள் வீட்டில் இருக்கிறீர்கள். அவர்களுடைய பெயர், முகவரி, பிள்ளைகள் படிக்கும் வகுப்பு, பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பது வரை உங்களுக்குத் தெரியும். திருட நினைப்பவர் தன் வீட்டுச் சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டு வரமாட்டார். ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்வதில் இருக்கும் பெரிய பாதுகாப்பே இதுதான். (நம் வீட்டில் ஒருவரைத் தங்கவைத்துத் தளத்தில் புள்ளிகள் சேர்த்து, அவற்றைக் கொண்டு வேறொரு காலத்தில் வேறொருவர் வீட்டில் தங்கும் முறையும் இருக்கிறது. அதில் இந்தப் பிணைப்பு கிடையாது. முதல் தடவைக்கு நேரடி மாற்றம்தான் நல்லது.)

இணையம் வந்த பிறகு முளைத்த பழக்கமும் அல்ல இது. 1953-லேயே ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர், நீண்ட விடுமுறையும் குறைந்த சம்பளமும் இருந்ததால், தங்களுக்குள் வீடுகளை மாற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். இன்டர்வாக் அமைப்பு அப்படிப் பிறந்ததுதான். இதே வேலையைச் செய்யும் ஹோம்எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் வந்தது 1992-ல். தொடக்க காலத்தில் வீடுகளின் விவரங்களைப் புத்தகமாக அச்சிட்டு உறுப்பினர்களுக்கு அனுப்புவார்கள். பிடித்த வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும், பதில் வரும், மறுபடி எழுத வேண்டும். சாவி கைமாறும் நேரத்தில் இரண்டு குடும்பங்களுக்கும் நல்ல பழக்கம் வந்திருக்கும். இப்போது பொத்தானை அழுத்தினால் போதும் என்று ஆகிவிட்டதால் அந்தப் பேச்சு குறைந்துபோயிற்று. வீடு மாற்றத்தில் வரும் மனஸ்தாபங்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே பேசாமல் விட்டதால் வருபவை.

அதனால் முதல் வேலை வீடியோ கால். பெரியவர்கள் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பாருங்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்து பின்கட்டு வரை நடந்து காட்டச் சொல்லுங்கள், நீங்களும் காட்டுங்கள். படத்தில் பார்த்த வீடும் இதுவும் ஒன்றுதானா என்பது அப்போதே தெரிந்துவிடும். இதற்கு முன் அவர்கள் மாற்றிக்கொண்ட குடும்பங்கள் எழுதிய மதிப்புரைகளைப் படியுங்கள். முடிந்தால் அவர்களில் ஒருவரிடம் நேரடியாகக் கேளுங்கள். தளத்துக்குச் செலுத்தும் உறுப்பினர் கட்டணத்தைத் தவிர, நேரடி மாற்றத்தில் இரண்டு குடும்பங்களுக்கு இடையே பணம் கைமாற வேண்டிய அவசியமே இல்லை. முன்பணம், வைப்புத்தொகை என்று தளத்துக்கு வெளியே ஏதாவது கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பேச்சில் என்ன கேட்பது? எத்தனை பேர் வருகிறார்கள், யார் எந்தக் கட்டிலில் படுப்பார்கள் என்பதில் தொடங்குங்கள். இடையில் அவர்களுடைய உறவினர் யாராவது வந்து தங்குவார்களா? புகைபிடிப்பவர் உண்டா? அங்கே நாயோ பூனையோ இருந்தால் அதைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பா? செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா, தினமுமா? மின்சாரம், எரிவாயு, இணையக் கட்டணத்தை அவரவர் வீட்டுக்கு அவரவரே கட்டுவதுதான் வழக்கம், ஆனாலும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். சுத்தம் பற்றித் தயங்காமல் பேசுங்கள். ஒரு குடும்பம் கிளம்பும் நாளில் தரையைத் துடைத்து, குளியலறையைத் தேய்த்து, விரிப்புகளைத் துவைத்துப் போட்டுவிட்டுப் போகும். இன்னொரு குடும்பம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதையே சுத்தம் என்று நினைக்கும். இருவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை, ஆனாலும் திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது மனம் கசந்துவிடும். கிளம்பும் நாளில் இன்னின்ன செய்ய வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாம், அல்லது இரு பக்கமும் துப்புரவுப் பணியாளர் ஒருவரை அமர்த்திவிட்டு அந்த நினைப்பையே விட்டுவிடலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்த வழி.

உங்கள் மாமியாரை மனதில் வைத்துக் கேட்க வேண்டிய கேள்விகள் தனி. படுக்கையறை மாடியில் இருக்கிறதா? எத்தனை படி? குளிக்கத் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து இறங்க வேண்டுமா, அல்லது தரையோடு தரையாக இருக்கிறதா? பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? இரவில் கழிப்பறைக்கு எவ்வளவு தூரம்? வீட்டுக்காரர்களுக்குப் பழகிப்போனதால் அவர்களாக இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

கேட்பதைப் போலவே உங்கள் வீட்டின் குறைகளை நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள். லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும், காலையில் எதிரே கட்டட வேலைச் சத்தம் இருக்கும், ஒரு குழாயில் வெந்நீர் மெதுவாகத்தான் வரும் என்றால் அப்படியே சொல்லுங்கள். தெரிந்து வந்தவர் அதைப் பொறுத்துக்கொள்வார், தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டால் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். நீங்கள் ஒளிக்காமல் சொன்னால் அவர்களும் தங்கள் வீட்டுக் குறையைச் சொல்வார்கள். அங்கேதான் உண்மையான நம்பிக்கை தொடங்குகிறது.

பேசி முடித்ததை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இதற்கான மாதிரிப் படிவத்தைப் பல தளங்களே தருகின்றன. தேதி, வந்து சேரும் நேரம், கிளம்பும் நேரம், தங்குபவர்களின் பெயர்கள், உடைந்தால் யார் கொடுப்பது, ரத்தானால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு கோப்பை உடைந்ததற்கெல்லாம் கணக்குப் பார்க்காமல், ஒரு தொகைக்கு மேல் போனால் மட்டும் உடைத்தவர் பொறுப்பு என்று வைத்துக்கொண்டால் இருவருக்கும் நிம்மதி.

இப்போது உண்மையில் பணம் போகக்கூடிய இடங்களுக்கு வருகிறேன். முதலாவது ரத்து. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அவர்கள் வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் கெட்டுவிட்டால், உங்கள் ஐந்து பேருக்கும் டிக்கெட் இருக்கும், தங்க இடம் இருக்காது. பயணக் காப்பீடு எடுத்திருக்கிறோமே என்று நினைப்பீர்கள். உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ நோய் வந்தால்தான் பெரும்பாலான பாலிசிகள் பணம் தரும். எதிர்க் குடும்பம் பின்வாங்கியதற்குத் தருவது அபூர்வம். வாங்கும் முன் இந்தக் கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள். தளம் மாற்று வீடு தேடித் தருமா, நஷ்டஈடு தருமா, எதுவரை என்று அவர்களின் விதிகளையும் படியுங்கள். டிக்கெட்டை இரு குடும்பமும் ஒரே நாளில் வாங்கி, ஒருவருக்கொருவர் நகல் அனுப்பிக்கொள்ளுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் வகை டிக்கெட் கட்டுப்படியானால் அதையே எடுங்கள். அந்த ஊரில் இலவசமாக ரத்து செய்யக்கூடிய விடுதி ஒன்றை, முதல் சில இரவுகளுக்காவது முன்பதிவு செய்துவைத்து, கெடு முடியும் நாளில் விட்டுவிடலாம்.

இரண்டாவது, வீட்டுக் காப்பீடு. உங்கள் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். நாங்கள் இல்லாத நாட்களில், வாடகை தராத விருந்தினர் தங்கினால் பாலிசி செல்லுமா? அவர்கள் தவறுதலாக ஏற்படுத்தும் சேதத்துக்குப் பணம் கிடைக்குமா? அவர்களில் ஒருவர் எங்கள் வீட்டில் வழுக்கி விழுந்து அடிபட்டால் அந்தப் பொறுப்பு யாருடையது? திருட்டைப் பற்றியும் தனியாகக் கேளுங்கள். பூட்டை உடைத்தோ கதவைப் பெயர்த்தோ நுழைந்தால்தான் பணம் என்று பல பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். சாவி கொடுத்து உள்ளே விட்டவர் எடுத்தால் அது அந்தக் கணக்கில் வராது. கணவரின் பயத்துக்கு நடைமுறைப் பதில் இதில் இருக்கிறது: விலை உயர்ந்தது எதுவும் அந்த மூன்று வாரம் வீட்டில் இருக்கக் கூடாது. நகை, பத்திரங்கள் எல்லாம் வங்கிப் பெட்டகத்துக்கோ நெருங்கிய உறவினர் வீட்டுக்கோ போகட்டும்.

காரை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பேன். ஓட்டுநராக அவர்களின் பெயர் பாலிசியில் சேர வேண்டும், அவர்களின் உரிமம் உங்கள் நாட்டில் செல்ல வேண்டும், உங்களுடையது அங்கே செல்ல வேண்டும். விபத்து நடந்தால் காப்பீட்டுக்கு முன் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை யாருடையது என்ற கேள்வி வரும். கேமராவில் சிக்கிய வேகத்துக்கான அபராதச் சீட்டு, எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு கார் உரிமையாளரின் பெயருக்கு வந்து சேரும். இரண்டு நிறுவனங்களும் எழுத்தில் சம்மதம் தந்தால் சரி, தராவிட்டால் அங்கே வாடகைக் கார் எடுத்துக்கொள்வது மேல்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. சொந்த வீடு என்பதால் வீட்டுக்காரரின் அனுமதி உங்களுக்கு வேண்டாம். வாடகைக்கு இருப்பவர்கள் அதை எழுத்தில் வாங்காமல் இதில் இறங்கக் கூடாது. குடியிருப்போர் சங்கத்தின் விதிகளில் வெளியார் தங்குவது பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, செயலாளரிடமும் காவலாளியிடமும் சொல்லிவையுங்கள். விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள். அவர்களின் முகவரியோடு கையெழுத்திட்ட அழைப்புக் கடிதம் போதுமா, வேறு படிவம் வேண்டுமா என்று அந்தத் தூதரகத்தின் பக்கத்தில் பாருங்கள். வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் சில நாடுகளில் இருக்கிறது. உதாரணமாக இத்தாலியில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவருக்கு இடம் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். இந்தக் கடமை இரு பக்கத்திலும் உண்டா என்று சேர்த்தே விசாரியுங்கள்.

வீட்டைத் தயார் செய்யும்போது பலர் தேய்த்து மினுக்குவதில் நேரம் செலவழிக்கிறார்கள், காலி செய்வதில் செலவழிப்பதில்லை. மூன்று வாரத் துணிகளை வைக்க வருபவருக்கு அலமாரியில் பாதி வேண்டும், குளிர்பதனப் பெட்டியில் இரண்டு தட்டு வேண்டும், குளியலறையில் ஒரு தட்டாவது வேண்டும். உங்கள் சொந்தப் பொருட்களை ஓர் அலமாரியிலோ அறையிலோ போட்டுப் பூட்டி, அது பூட்டியிருக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மாமியாரின் மாத்திரைகளில் மீதி இருப்பவை அதற்குள் போக வேண்டும். வருபவர்களிடம் சின்னப் பிள்ளைகள் இருக்கலாம். தொலைக்காட்சியில் பணம் செலுத்தும் கணக்குகளில் இருந்து வெளியேறிவிடுங்கள். விருந்தினருக்கென்று தனி வைஃபை கடவுச்சொல் அமையுங்கள். வீட்டுக்குள் கேமரா இருந்தால் இணைப்பையே பிடுங்கிவிடுங்கள். வாசலில் இருப்பதைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். இதில் சமரசமே வேண்டாம், தங்கியிருக்கும் வீட்டில் தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எந்தக் குடும்பத்துக்கும் நிம்மதி போய்விடும்.

வீட்டுக் குறிப்பு இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் வேண்டாம். எரிவாயு வால்வு, தண்ணீர் மெயின், மின்சாரப் பலகை ஆகியவை எங்கே என்று படத்தோடு காட்டுங்கள். குப்பை என்று எடுப்பார்கள், அருகில் எந்த மருத்துவமனை, குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதை எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் நேரில் போய்க் கதவைத் தட்டக்கூடிய ஒரு மனிதர் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோ உள்ளூர் உறவினரோ, இரண்டாவது சாவியை வைத்திருந்து, வந்த அன்று உள்ளே அழைத்துப்போய் அடுப்பையும் வெந்நீரையும் போட்டுக் காட்டினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மாமியாருக்கு இதில் சம்மதமா? அவருடைய அறையில், அவருடைய கட்டிலில் வேறொருவர் படுக்கப்போகிறார். வயதானவர்களுக்கு அது சின்ன விஷயம் அல்ல, வாய்திறந்து சொல்லவும் மாட்டார். தனியாக உட்கார்ந்து கேளுங்கள். தயங்கினால் அந்த அறையைப் பூட்டிவிட்டு, எங்கள் வீட்டில் இத்தனை கட்டில்தான் என்று அந்தக் குடும்பத்திடம் இப்போதே சொல்லிவிடலாம். பிள்ளைகளிடமும் எந்த விளையாட்டுச் சாமானை எடுத்துவைக்க வேண்டும் என்று கேளுங்கள், மீதியை அவர்களே விருந்தினருக்கு விட்டுவைப்பார்கள்.

மூன்று வாரம் என்பது முதல் முறைக்குக் கொஞ்சம் நீளம். முடிந்தால் அதற்கு முன் தெரிந்த குடும்பம் ஒன்றோடு ஒரு வார இறுதிக்கு மட்டும் மாற்றிப் பாருங்கள். குறிப்பில் எதை எழுத மறந்தீர்கள், எந்தப் பூட்டு சண்டித்தனம் செய்கிறது என்பதை அவர்கள் சொல்லிவிடுவார்கள். கணவரின் தயக்கமும் அந்த இரண்டு நாளில் தெளியலாம், அல்லது இது நமக்குச் சரிவராது என்று தெரியலாம், அதுவும் நல்லதுதான்.

காப்பீட்டு நிறுவனத்துக்கான மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள், பதில் வர நாளாகும். அதுவரை அந்தக் குடும்பத்தைக் காத்திருக்கச் சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். அனுபவம் உள்ளவர்கள் என்றால் அவர்களும் தங்கள் நிறுவனத்துக்கு அதே கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பார்கள்.