பரிசு விழுந்திருக்கிறதாம், முன்பணம் கட்டலாமா? நீலகிரியிலிருந்து சில கேள்விகள்

குன்னூர்: சார், கார் விழுந்திருக்கிறது, 30 சதவீத வரியை முதலில் கட்டுங்கள் என்று தபால் வந்தது. அப்படி வரி உண்டா?

உண்டு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள். பரிசுக்கு 30 சதவீதம் வருமான வரி, 10,000 ரூபாயைத் தாண்டினால் பரிசைக் கொடுக்கும்போதே அது வசூலாக வேண்டும். ரொக்கப் பரிசென்றால் கொடுப்பவரே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரவேண்டும். நீங்கள் முன்னால் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. கார், பைக் என்றால் வரி கட்டிய பிறகுதான் பொருளைக் கொடுக்கலாம். அப்போது உங்களிடம் கேட்பதில் தப்பில்லை. பணம் எங்கே போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். "என் பான் எண்ணில் நானே சலான் போட்டு வருமான வரித் துறைக்குக் கட்டி, ரசீதைக் காட்டுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். மோசடிக்காரர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். யாரோ ஒருவரின் ஜிபே எண்ணைத்தான் கொடுப்பார். அதற்குக் கட்டிவிட்டால் அடுத்து ஆர்டிஓ கட்டணம், இன்சூரன்ஸ் என்று தொகை ஏறிக்கொண்டே போகும். போட்ட பணத்தை விட மனசு வராது, அதுதான் அவர்களுடைய பிடி.

கூடலூர்: அண்ணா, கேரள லாட்டரியில் பரிசு என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். நான் சீட்டே வாங்கவில்லை.

வாங்காத சீட்டுக்குப் பரிசு கிடையாது. கேரள லாட்டரி காகிதச் சீட்டு மட்டும்தான், ஆன்லைனில் விற்பதில்லை. எல்லை தாண்டி கேரளாவின் வழிக்கடவு போனபோது வாங்கியிருந்தால், அசல் சீட்டைக் குறித்த நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்கே தடை.

கோத்தகிரி: மாதம் 500 ரூபாய் கட்டினால் குலுக்கல். பேர் விழுந்தால் பீரோ, மீதித் தவணை கட்ட வேண்டாமாம். சேரலாமா அக்கா?

வேண்டாம்மா. இதைப் பரிசுச் சீட்டு என்பார்கள். 1978-லேயே மத்திய சட்டம் தடை செய்துவிட்டது. பதிவு பெற்ற சீட்டில் பணம் எடுத்தவரும் கடைசி மாதம் வரை கட்டுவார். இதில் முதலில் விழுந்தவர்கள் நின்றுவிடுவதால், கடைசியில் இருப்பவர்களுக்குக் கொடுக்கப் பணம் இருக்காது.

ஊட்டி: பரிசு வரவு வைக்க யூபிஐ பின் கேட்கிறார்கள்.

பணம் வாங்கப் பின் தேவையே இல்லை. போட்டால் உங்கள் பணம்தான் போகும்.

குந்தா: அம்மா பணம் அனுப்பிவிட்டார். இனி?

இப்போதே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள், அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அனுப்பிய நேரம், தொகை, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். மோசடிக்காரர் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. சில நாளில் "பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்" என்று இன்னொரு அழைப்பு வரலாம், அதுவும் மோசடிதான். அம்மாவிடம் இதை இன்றைக்கே சொல்லிவையுங்கள், திட்டாமல்.