மெசேஜ் வந்தது சரி, நம்புவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் படகுகளுக்கு வயர்லெஸ் மாட்டிக்கொடுத்தவன் நான். இப்போது மீனவர்களுக்குப் போகும் எச்சரிக்கைச் செய்திகளைத் தமிழில் எழுதி வடிவமைக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி (சின்னத்துறை): அண்ணா, அப்பாவுக்குப் போனில் எத்தனை எச்சரிக்கை வந்தாலும் நம்புவதில்லை. கோயில் மைக்கில் சொன்னால்தான் வள்ளத்தை மேலே ஏற்றுகிறார். ஏன்?

மைக்கில் பேசுகிறவர் யாரென்று அப்பாவுக்குத் தெரியும். தப்பாகச் சொன்னால் சாயங்காலமே நேரில் பிடித்துக் கேட்கலாம். போனில் "தென் தமிழகக் கடலோரம் பலத்த காற்று வீசக்கூடும், எச்சரிக்கையாக இருக்கவும்" என்று வந்தால் யாரைக் கேட்பது? தென் தமிழகம் என்றால் நீரோடியா, ராமேஸ்வரமா?

நாங்கள் அதை இப்படி மாற்றினோம்: "இன்று இரவு 8 முதல் நாளை மதியம் வரை, குளச்சல் முதல் நீரோடி வரை, கடலுக்குப் போக வேண்டாம். அடுத்த செய்தி காலை 6 மணிக்கு." அந்தக் கடைசி வரிதான் முக்கியம். ஒன்றும் மாறாவிட்டாலும் 6 மணிக்கு ஒரு செய்தி போயே ஆக வேண்டும். ஒரு நாள் தவறவிட்டோம். 6.20க்குள் நாலு பேர் கூப்பிட்டு, "என்னாச்சு மக்கா?" என்றார்கள். திட்டுதான், ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இன்னொன்று. சொன்ன காற்று வராவிட்டால், "நேற்று சொன்னது நடக்கவில்லை" என்று மறுநாள் நாமே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் புலி வருது கதைதான்.

கேள்வி (வள்ளவிளை): வீட்டுக்காரர் ஆழ்கடல் போட்டில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரு டிக்கோடு நிற்கிறது. மனசு அடித்துக்கொள்கிறது.

ஒரு டிக் என்றால் செய்தி அவர் போனுக்கு இன்னும் போகவில்லை, அவ்வளவுதான் அக்கா. கரையை விட்டு விலகினால் டவர் கிடைக்காது. வயர்லெஸும் சில பத்து கிலோமீட்டர்தான் எட்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, தூரத்தில் இருந்த படகுகளுக்குச் சேதி எட்டாமல் போனது இதனால்தான்.

ஆள் பேசாமல் இருப்பதும் டவர் இல்லாமல் இருப்பதும் திரையில் ஒரே மாதிரி தெரிகிறதே, அது வடிவமைத்தவர்களின் குறை. "கடைசியாக சிக்னல் கிடைத்தது திங்கள் காலை" என்று ஒரு வரி இருந்தால் பாதி பயம் போய்விடும். 2019இல் வந்த ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைக் கொண்டுவரும், ஆனால் படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. காது உண்டு, வாய் இல்லை. இப்போது படகுகளில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டர் என்ற செயற்கைக்கோள் கருவியில் இரண்டு பக்கமும் குறுஞ்செய்தி போகும். அவர் போட்டில் இருக்கிறதா என்று ஓனரிடம் கேளுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): அரசு பெயரில் வரும் எஸ்எம்எஸ் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

அனுப்புநர் பெயரின் கடைசியில் ஒரு கோடும் 'G' எழுத்தும் இருந்தால் அரசு, 'P' என்றால் விளம்பரம். பத்து இலக்க எண்ணிலிருந்து லிங்க் வந்தால் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி (தக்கலை, கல்லூரி மாணவி): செயலியில் பூட்டுப் படமும் பச்சை நிறமும் வைத்தால் நம்பிக்கை வருமா சார்?

வரும். மோசடிக்காரனும் அதையேதான் வைக்கிறான் அம்மா. நிறத்தை விட்டுவிட்டு வார்த்தையைப் பாருங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையம் (INCOIS) அனுப்பும் அறிக்கையில் "கள்ளக்கடல்" என்ற நம் கடற்கரைச் சொல்லே இருக்கிறது. எங்கோ தெற்கே அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாதபோது வந்து ஏறுவது. எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லைப் பார்த்ததும் வள்ளத்தை இழுத்துவிடுவார்கள்.

வெளியூர்க்காரருக்கு அது புரியாது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அப்படி ஒரு நாளில்தான் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தார்கள். அவர்களைப் போன்றவர்களுக்கு, "வெயில் அடித்தாலும் அலை திடீரென ஏறும், கால்கூட நனைக்க வேண்டாம்" என்று தனியாக எழுத வேண்டும். உங்கள் புராஜெக்டுக்கு இதையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியதை முதலில் சொத்தவிளையில் சுண்டல் விற்கிறவரிடம் படித்துக் காட்டுங்கள்.