மறுமொழி: கிரீஸுக்குப் புட்டியைவிட அலுமினியக் குழாயே பொருத்தம்

வணக்கம். சிங்கப்பூரின் சின் மிங் வட்டார வாகனப் பட்டறைகளுக்காக நீங்கள் வடிவமைக்கும் 80 கிராம் பிளாஸ்டிக் புட்டியில் பாதி தீர்ந்ததும் கிரீஸ் வர மறுப்பதாகவும், வேனில் வைத்தால் முனையில் எண்ணெய் கசிவதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு.

அழுத்திய கையை எடுத்ததும் புட்டியின் சுவர் பழைய வடிவத்துக்குத் திரும்பிக் காற்றை உள்ளிழுக்கிறது. என்எல்ஜிஐ 2 தரக் கிரீஸ் (என்எல்ஜிஐ எண் கிரீஸின் கெட்டித்தன்மையைக் குறிக்கும்) தன் எடையால் வழிந்து முனைக்கு வராது என்பதால், அந்தக் காற்று நடுவில் தங்கிவிட, சுவரில் ஒட்டியது வீணாகிறது. ஆகவே, நசுக்கினால் நசுங்கியபடியே நிற்கும் அலுமினியக் குழாயைத் தேர்ந்தெடுங்கள். பற்பசைக்குப் பயன்படும் பல அடுக்குக் குழாயும் ஓரளவு மீண்டெழும். அலுமினியம் ஒரே இடத்தில் பலமுறை மடிந்தால் விரிசல் விடும். ஆயினும், அடியிலிருந்து சுருட்டிக்கொண்டே தீர்த்து எறியும் பொருளுக்கு அது பெருங்குறையன்று. நீண்ட, குறுகிய முனை கைவலிமையை விழுங்கிவிடும் என்பதால், அகன்ற துளையுள்ள குட்டைக் கூம்பே நல்லது. எண்ணெய் படிந்த கையுறையோடு திருகக்கூடிய பெரிய மூடியும் அவசியம். இதைப் பலர் கவனிப்பதில்லை.

கசிவுக்குக் காரணம் வெப்பம். வெயிலில் நிற்கும் வேனுக்குள் கிரீஸின் அடிப்படை எண்ணெய், அதைக் கெட்டியாகப் பிடித்துவைக்கும் தடிப்பாக்கியிலிருந்து பிரிகிறது, அடைபட்ட காற்றும் விரிந்து அந்த எண்ணெயை வெளியே தள்ளுகிறது. காற்றிடைவெளியின்றி நிரப்பி, வாயைத் தகட்டால் முத்திரையிடுங்கள். எண்ணெய்ப் பிரிவுச் சோதனை முடிவையும் விநியோகிப்பாளரிடம் கேளுங்கள்.

வெவ்வேறு தடிப்பாக்கி கொண்ட லித்தியம் கிரீஸும் பாலியூரியா கிரீஸும் கலந்தால் பெரும்பாலும் ஒத்துப்போகாதவை என்பதால், தடிப்பாக்கியின் வகையைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். கிரீஸ் ஒட்டிய குழாயை நீல மறுசுழற்சித் தொட்டியில் போடக்கூடாது என்ற குறிப்பும் அதனருகே இடம்பெறட்டும்.