நர்ஸ் ஸ்டேஷனில் டகாலோக்: மனுவில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவமனையில் நைட் ஷிஃப்ட் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் மார்த்தாண்டம். எங்கள் வார்டில் இரவு எட்டு பேர் இருந்தால் அதில் ஐந்தாறு பேர் பிலிப்பினோக்கள். நல்லவர்கள், வேலையிலும் கெட்டிக்காரர்கள். ஆனால் நர்ஸ் ஸ்டேஷனில் எந்நேரமும் அவர்கள் ஊர் மொழியான டகாலோக்தான். அவர்கள் சிரித்தால் என்னைப் பற்றித்தானோ என்று தோன்றுகிறது. போன மாதம், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஓடிக்கொண்டிருந்த என் நோயாளிக்கு ரத்தம் எடுக்கும் நேரம் மாறியதை அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரியவில்லை. இன்னொரு நோயாளியின் மகளும், 'அம்மாவின் தலைமாட்டில் நின்று புரியாத மொழியில் பேசுகிறார்கள்' என்று குறைப்பட்டார். இப்போது சக ஊழியர் ஒருவர் 'வார்டில் ஆங்கிலம் மட்டுமே' என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார். நான் போடலாமா? ப்ரேக் ரூமில் மலையாளித் தோழியோடு நானும் நம் பாஷையில் பேசுவதுண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.
- பெயர் வேண்டாம், கலிஃபோர்னியா

பதில்:

அன்புச் சகோதரி, அந்த மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் உங்கள் குறையை விட்டுவிடவும் வேண்டாம். அதில் ஒரு பாதி ரொம்ப நியாயமானது.

முதலில் அந்த நியாயமான பாதி. ஹெப்பாரின் ஓடும் நோயாளிக்கு எப்போது ரத்தம் எடுக்க வேண்டும் என்பது அந்த நோயாளியைப் பார்க்கும் நர்ஸுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். ரிசல்ட்டைப் பார்த்துத்தான் மருந்தின் வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவாகும். தாமதமானால் ரத்தக்கசிவில் முடியலாம், இல்லாவிட்டால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஷிஃப்ட் மாறும்போது கொடுக்கும் ரிப்போர்ட், டாக்டர் ஆர்டர் மாறிய செய்தி, நோயாளியின் இதயமோ மூச்சோ நின்றுவிட்டதாக 'கோட் ப்ளூ' அடித்து எல்லோரும் ஓடிவரும் நேரம் என எங்கெல்லாம் ஒரு தகவல் பலர் காதில் விழ வேண்டுமோ, அங்கெல்லாம் எல்லோருக்கும் பொதுவான மொழிதான்.

நோயாளியின் படுக்கையோரமும் அப்படித்தான். எழுந்து உட்கார முடியாத ஒரு வயதான அம்மாவை இரண்டு பேர் இரு பக்கமும் நின்று புரட்டிப் படுக்க வைக்கிறார்கள். ஒருத்தர் அவர் முதுகைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்கிறார், மற்றவர் 'ம்' என்கிறார். தன் முதுகில் புண்ணா, வேறு ஏதாவதா, இல்லை வீட்டுக் கதையா என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம். ஏற்கெனவே பயந்துபோய்ப் படுத்திருப்பவரின் தலைக்கு மேலே அவருக்குப் புரியாத பேச்சு போகக் கூடாது. அந்த மகள் சொன்னது முழுக்கச் சரி. அந்த மொழி டகாலோக்காக இருந்தாலும் தமிழாக இருந்தாலும் இதே பதில்தான்.

இனி மனுவுக்கு வருவோம். 'வார்டில் ஆங்கிலம் மட்டுமே' என்பது இந்த இரண்டு குறைகளோடு நிற்காது. மருந்து பற்றிய பேச்சும் அதில் அடங்கும், ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கத்தை விரட்டப் பேசும் பேச்சும் அடங்கும். உங்கள் மாநிலச் சட்டப்படி, வேலை பாதுகாப்பாக நடக்க வேறு வழியே இல்லை என்று காட்ட முடிந்தால்தான் நிர்வாகம் அப்படி ஒரு விதி போடலாம். எந்த நேரத்துக்கு, மீறினால் என்ன ஆகும் என்றும் ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ப்ரேக்கிலும் சாப்பாட்டு நேரத்திலும் அந்த விதி செல்லவே செல்லாது. எந்நேரமும் ஆங்கிலம் என்ற விதியை அமெரிக்க மத்திய அரசின் சமவேலைவாய்ப்பு ஆணையமும் பாகுபாடாகவே எடுத்துக்கொள்ளும்.

உங்கள் மாநிலத்திலேயே இது கோர்ட் வரை போயிருக்கிறது. டெலானோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் பிலிப்பினோ ஊழியர்களை மட்டும் தனியாகக் கூட்டி வைத்து, டகாலோக் பேசக் கூடாது, மீறினால் ஒலிப்பதிவு வைத்துக் கண்காணிப்போம் என்று எச்சரித்ததாக அந்த ஆணையம் வழக்குப் போட்டது. அதன்பிறகு சக ஊழியர்களே காவல்காரர்களாக மாறி, இவர்கள் வாயைத் திறந்தாலே அதட்ட ஆரம்பித்ததாகவும் புகார். நிர்வாகம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் 2012-இல் சுமார் 70 ஊழியர்களுக்காக 9,75,000 டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. நீதிமன்றம் எப்போதும் இவர்கள் பக்கமே நிற்கும் என்றும் சொல்ல மாட்டேன். 1991-இல் பொமோனா நகர மருத்துவமனை வழக்கில், டகாலோக் தடையைப் பாகுபாடு என்று நீதிபதி ஏற்கவில்லை. ஆனால் எதிர்த்துக் கேட்ட நர்ஸைப் பழிவாங்கியது தவறு என்றார்.

சட்டத்தை விடவும் எனக்குப் பயம் அந்தக் காவல்கார வேலையைப் பற்றித்தான். இன்று நீங்கள் கையெழுத்துப் போட்டால், நாளை ப்ரேக் ரூமில் உங்களையும் உங்கள் தோழியையும் அதே மனுவைக் காட்டி அதட்டுவார்கள். 2021-இல் டெல்லி அரசு மருத்துவமனை ஒன்று நர்ஸ்கள் மலையாளம் பேசக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டதும், எதிர்ப்பு கிளம்பியதால் மறுநாளே அதைத் திரும்பப் பெற்றதும் உங்கள் தோழிக்கு நன்றாக நினைவிருக்கும்.

உங்களோடு வேலை பார்க்கும் இந்தப் பிலிப்பினோக்கள் யார் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். 1898-இல் அமெரிக்கா பிலிப்பைன்ஸைப் பிடித்தது. அங்கே நர்சிங் பள்ளிகளைத் திறந்து, அமெரிக்கப் பாடத்தை ஆங்கிலத்திலேயே கற்றுக்கொடுத்தது. 1948-இல் வந்த பரிமாற்றத் திட்டமும் 1965-இல் மாறிய குடியேற்றச் சட்டமும் அந்த நர்ஸ்களை அமெரிக்க வார்டுகளுக்கு அழைத்து வந்தன. ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி வந்தவர்களுக்கு ஆங்கிலம் வராது என்று யாரும் சொல்ல முடியாது. கொரோனாவின்போது அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. அமெரிக்க நர்ஸ்களில் அவர்கள் சுமார் 4 சதவீதம்தான், ஆனால் கொரோனாவில் இறந்த நர்ஸ்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் பிலிப்பினோ என்று நர்ஸ்கள் சங்கம் 2020 செப்டம்பரில் கணக்கு சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த நாள் என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

சிரிப்பு விஷயத்துக்கு வருகிறேன், உங்களை அதிகம் வாட்டுவது அதுதான் என்று தோன்றுகிறது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் நடுச்சாமத்தில் என்ன பேசுவார்கள்? ஊரில் கட்டும் வீடு, தங்கை பிள்ளையின் ஃபீஸ், ஊருக்கு அனுப்பும் பெட்டியில் இன்னும் எதைத் திணிக்கலாம் என்பது. நீங்களும் தோழியும் பேசுவதிலிருந்து இது அதிகம் மாறியிருக்காது. ஆனாலும் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு வலிக்கத்தான் செய்யும். அதை அவர்களிடமே சொல்லலாம். அடுத்த முறை சிரிப்பு எழும்போது நாற்காலியை இழுத்துப் போட்டு, 'எனக்கும் சொல்லுங்கள், நானும் சிரிக்கிறேன்' என்று கேளுங்கள். ஒருவேளை முகம் மாறி, பேச்சை நிறுத்திவிட்டால் உங்கள் சந்தேகத்தில் ஏதோ இருக்கிறது, அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள். பெரும்பாலும் நடக்கப்போவது, உங்கள் கையில் அவர்கள் ஊர்ப் பலகாரமான லும்பியா ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கதையை முதலிலிருந்து ஆங்கிலத்தில் ஆரம்பிப்பார்கள்.

ரிப்போர்ட் விஷயத்தைக் கூட்டத்தில் கிளப்ப வேண்டாம். எல்லோரும் 'ஆதே' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடும் மூத்த நர்ஸ் ஒருவர் அங்கே நிச்சயம் இருப்பார். ஷிஃப்ட் முடிந்து கார் பார்க்கிங்குக்கு நடக்கும்போது அவரிடம் தனியாகச் சொல்லுங்கள்: 'அன்றைக்கு ஹெப்பாரின் பேஷன்ட்டுக்கு நேரம் மாறியது எனக்குத் தெரியாமல் போய்விட்டது, பயந்துவிட்டேன். பேஷன்ட் பற்றிய பேச்சு மட்டும் இங்கிலீஷில் இருந்தால் எனக்கு உதவியாக இருக்கும். பெட் பக்கத்திலும் அப்படியே.' அவர் ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். அந்த மகளின் குறையையும் அவரிடமே சொல்லிவிடுங்கள்.

கையெழுத்து கேட்பவரிடம் சண்டை வேண்டாம். 'எனக்கு இருந்த பிரச்சினையை நேரில் பேசிவிட்டேன்' என்றால் போதும். அதற்குப் பிறகும் தகவல் விட்டுப்போனால் தயங்காமல் மேனேஜருக்கு எழுதுங்கள்: எந்தத் தேதி, எந்த பெட், எந்த ஆர்டர், உங்களுக்கு எப்போது தெரிந்தது. யார் எந்த மொழியில் பேசினார்கள் என்று அதில் எழுத வேண்டியதே இல்லை.