விமானப்படையிலிருந்து ஏர்லைனுக்கு: கேள்வி பதில்

22 வருடம் விமானப்படையில் இருந்தேன், பெரும்பாலும் ஏ.என்-32 சரக்கு விமானத்தில். 44 வயதில் வெளியே வந்து இப்போது ஒரு ஏர்லைனில் ஏ320 பயணிகள் விமானம் ஓட்டுகிறேன். இதே பாதையில் இறங்க நினைப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: 43 வயது, சார். 20 வருட சர்வீஸ் முடியப் போகிறது. இனிமேல் போய் என்ன ஆகும் என்கிறார்கள் வீட்டில்.

பதில்: ஏர்லைனில் 65 வயது வரை ஓட்டலாம். முழுசாக 22 வருடம் இருக்கிறது. 20 வருடம் முடித்துவிட்டால் பென்ஷனும் உண்டு. ஆனால் சீனியாரிட்டி சேர்ந்த தேதியிலிருந்துதான் தொடங்கும். விங் கமாண்டராக இருந்தது அங்கே கணக்கில் வராது. போவதென்று முடிவானால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பறந்த மணிகளைக் குறித்து வைக்கும் லாக்புக்கிலிருந்து. லைசென்ஸ் தரும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவுக்கு மொத்த மணிக்கணக்கு போதாது. விமானத்தின் பொறுப்பை ஏற்ற விமானியாக எவ்வளவு, இரவில் எவ்வளவு, இன்ஸ்ட்ருமென்டை நம்பிப் பறந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். கேப்டன் ஆக ஏடிபிஎல் லைசென்ஸ் வேண்டும். அதற்கு 1500 மணி நேரம், அதில் 100 மணி இரவில். நான் இரவுப் பறப்பைத் தனியாகக் கூட்டி வைக்கவே இல்லை. வெளியே வந்தபின் பழைய பக்கங்களைப் புரட்டி, கூட்டி, கையெழுத்து வாங்க நான்கு மாதம் போயிற்று. யூனிஃபார்மில் இருந்தபோதே செய்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். அப்புறம் லைசென்ஸுக்கான டிஜிசிஏ தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். அனுமதி வாங்கி, சர்வீஸில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

கேள்வி: நான் போர் விமானி. இரவு மணி குறைவாகத்தான் இருக்கிறது.

பதில்: ஒரு சார்ட்டி, அதாவது ஒருமுறை போய்வருவது, ஒரு மணி நேரம்தானே, அப்படித்தான் இருக்கும். கேப்டனுக்குப் பக்கத்தில் உட்காரும் துணை விமானியாக, அதாவது ஃபர்ஸ்ட் ஆபிசராகச் சேரக் கமர்ஷியல் லைசென்ஸ் போதும். மீதி இரவு மணி ஏர்லைனில் தானாகச் சேர்ந்துவிடும்.

கேள்வி: ஷார்ட் சர்வீஸில் (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான பணி) 14 வருடம், எல்லாம் ஹெலிகாப்டர். ஏர்லைனுக்குப் போக முடியுமா, சார்?

பதில்: முடியும், தங்கையே, ஆனால் செலவு உண்டு. விமானத்துக்கு லைசென்ஸ் தனி. அகாடமியில் பயிற்சி விமானத்தில் பறந்த மணிகளோடு, ஃப்ளையிங் கிளப்பில் சொந்தப் பணத்தில் மேலும் பறக்க வேண்டியிருக்கும். ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங்குக்கும் பல லட்சம் ஆகும். உங்களுக்கு பென்ஷன் இல்லை என்பதால் கடன் வாங்குமுன் யோசியுங்கள். மும்பை ஜுஹுவிலிருந்து ஓஎன்ஜிசி நிறுவனத்தின் கடல் எண்ணெய் மேடைகளுக்குப் பறக்கும் ஹெலிகாப்டர் வேலையை நான் கொஞ்சமும் குறைவாக நினைக்கவில்லை. உங்கள் அனுபவத்துக்கு அங்கே நேரடி மதிப்பு.

கேள்வி: என் கணவர் ஏர்லைனில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. 29 வயது கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தப்படுவது அவருக்குத் தாங்கவில்லை. வீட்டில் பேசுவதே குறைந்துவிட்டது.

பதில்: அம்மா, எனக்கும் இது நடந்தது. அருணாச்சலத்தில் மெச்சுகா மாதிரி மலைகளுக்கு நடுவே உள்ள ஓடுதளத்தில் இறங்கிப் பழகியவன் நான். அங்கே ஓர் இடத்தைத் தாண்டிவிட்டால் மறுபடி மேலே ஏற இடமில்லை. எப்படியாவது சரிசெய்து இறக்கியாக வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தோடு ஏர்லைனுக்கு வந்தேன். ஒரு நாள் வேகம் சற்று அதிகமாக இருந்தது. சரிசெய்துவிடலாம் என்று நான் கையைப் போடும்போதே, என்னைவிடப் பதினைந்து வயது இளைய கேப்டன் "கோ-அரவுண்ட்" என்றார், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறு என்று. எனக்குச் சுருக்கென்றது. ஏர்லைனில் ஒவ்வொரு பறப்பின் தரவும் பதிவாகிறது. மேகத்துக்குள் வரும்போது 1000 அடியில் எல்லாம் நிலையாக இல்லை என்றால் மேலே போய்விட வேண்டும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவர் என் திறமையைச் சந்தேகிக்கவில்லை, பின்னால் 180 பேர் இருந்தார்கள் என்பது அன்று இரவு ஹோட்டல் அறையில்தான் எனக்கு உறைத்தது. மறுநாள் நானே போய், "சார், நேற்று எந்த இடத்தில் முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டேன். அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். உங்கள் கணவரையும் அப்படி ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள்.