புன்னைக் கன்று நட்டு ஓராண்டாகியும் வளரவில்லை, என்ன உரம் வைக்கலாம்?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மணக்குடிப் பக்கம் கடலுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் வீட்டுமனையில் புன்னைக் கன்று நட்டதாகவும், ஓராண்டு கடந்தும் அது முழங்கால் உயரத்திலேயே நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இலைகள் கரும்பச்சையாக, பளபளப்புக் குறையாமல் இருக்கின்றன என்றால் கன்றுக்கு ஒரு குறையும் இல்லை. உரம் தேடி அலைய வேண்டாம்.

கடற்கரை மணலில் புன்னை முதலில் வேரை ஊன்றிக்கொள்ளும், பிறகுதான் மேலே எழும்பும். ஆகவே அதன் உயரத்தை அளப்பதைவிட நுனியை உற்றுப் பார்ப்பது நல்லது. நுனிமொட்டு துருநிறப் பூமயிர் போர்த்தியதுபோல் இருக்கும். அது விரிந்து எதிரெதிராக இரண்டு இளந்தளிர்கள் வெளிவந்து, சில வாரங்களில் தோல்போல் தடித்துவிட்டால் மரம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டு அவசரப்படுத்தினால் தண்டு மெலிந்து நீளும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றுக்கு அப்படிப்பட்ட தண்டு தாங்காது. மட்கிய சாணத்தை ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன் கன்றின் அடியைச் சுற்றிப் போட்டாலே போதும்.

தண்ணீரில்தான் கவனம் வேண்டும். உப்புக்காற்றையும் வறட்சியையும் வளர்ந்த புன்னை தாங்கும், ஆனால் வேர் இறங்காத கன்று மாசி முதல் வைகாசி வரையிலான வெயிலில் வாடிவிடும். முதல் இரண்டு கோடைக்காவது வாரம் இருமுறை, மண் ஆழம்வரை நனையும்படி ஊற்றுங்கள். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். கதம்பைகளை, அதாவது தேங்காய் உரித்த மட்டைகளை, குழிந்த பக்கம் கீழாக வைத்து கன்றின் அடியைச் சுற்றி அடுக்கினால் ஈரம் நெடுநாள் நிற்கும், நம் தென்னை விளைகளில் அதற்குப் பஞ்சமும் இல்லை. ஆடுமாடு மிதித்து நுனி ஒடியாதபடி ஒரு வேலியும் போட்டுவிடுங்கள்.

இன்னும் சில கன்றுகள் நடுவதானால் அகஸ்தீஸ்வரம் பகுதிக்கு ஐப்பசிதான் ஏற்ற காலம், ஏனென்றால் அப்போது தென்மேற்குக் காற்று அடங்கி வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். ஆனியிலேயே நல்ல மழை பெறும் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் அப்போதே நடலாம். விதையைப் பெரிய மரங்களின் அடியில் பொறுக்கிக்கொள்ளலாம். வௌவால் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டைகள் சுத்தமாகவே கிடக்கும். ஓட்டோடு புதைத்தால் முளைக்க இரண்டு மாதம்வரை ஆகும். சுத்தியலால் மெல்லத் தட்டி, பருப்பில் அடிபடாமல் ஓட்டை நீக்கிவிட்டுப் புதைத்தால் மூன்று வாரமளவில் முளை எட்டிப் பார்க்கும். பைக்குள் ஆணிவேர் சுருண்டுகொள்ளும் முன்பே நிலத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சவுக்கு நட்டிருந்தால் இதற்குள் ஆளுயரம் வந்திருக்குமே என்று உங்களுக்குத் தோன்றலாம். சில ஆண்டுகளில் வெட்டி விற்பதற்குச் சவுக்கு சரிதான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் ரப்பரும் வாழையும் நம் மாவட்டமெங்கும் சாய்ந்து கிடந்ததைக் கண்டவன் என்ற முறையில், வீட்டின் கடல் பக்கத்தில் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்க வேண்டிய மரத்துக்கு நான் புன்னையைத்தான் சொல்வேன். வெள்ளை இதழும் மஞ்சள் மகரந்தமுமாக அது பூக்கும் நாள்களில் முற்றமே மணக்கும். கிளையைக் கழிக்கும்போது வடியும் பால் மட்டும் கண்ணில் படக் கூடாது, காயும் தின்பதற்கானதன்று.

நட்ட இடத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இம்மரம் பக்கவாட்டில் அகலமாகப் படரும் என்பதால், கன்று சுவரிலிருந்து 15 அடிக்குள் இருக்குமானால் வரும் ஐப்பசியிலேயே வேர்மண் உதிராமல் ஆழமாகத் தோண்டி எடுத்து, தள்ளி நட்டுவிடுங்கள். அதற்குப் பிந்தினால் ஆணிவேர் அறாமல் எடுப்பது கடினம்.